52 கிலோடால்டனில் தெரிவது உங்கள் புரதம்தானா?

கேள்வி: காரைக்குடியில் பயோடெக்னாலஜியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஈஸ்ட் டூ-ஹைப்ரிடில் (இரண்டு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று ஈஸ்ட் செல்லுக்குள் பார்க்கும் சோதனை) என் இரண்டு புரதங்களும் ஒட்டுவதாக பாசிட்டிவ் வந்தது. உறுதிப்படுத்த செல் லைசேட்டில் (உடைத்த செல்லின் கரைசல்) கோ-ஐபி (ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து இழுத்து, மற்றது கூடவே வருகிறதா என்று பார்ப்பது) செய்தேன். இரண்டாவது புரதத்தின் எடை 52 கிலோடால்டன். அந்த இடத்தில் பேண்ட் (பட்டை) வருகிறது, ஆனால் எதையும் குறிவைக்காத சாதாரண ஆன்டிபாடி (ஐஜிஜி) போட்ட கண்ட்ரோலிலும் அதே பேண்ட். செல்லை உடைக்கப் பயன்படுத்தியது ரிப்பா பஃபர், இரண்டு ஆன்டிபாடியும் முயலில் எடுத்தவை. "எஸ்பிஆருக்கு வெளியே அனுப்பிவிடலாம்" என்கிறார் கைடு (எஸ்பிஆர் என்பது பிணைப்பின் இறுக்கத்தையும் வேகத்தையும் சிப்பில் அளக்கும் முறை). அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கண்ட்ரோலில் வருவது அநேகமாக ஆன்டிபாடியின் கனச்சங்கிலி. ஆன்டிபாடி ஒட்டியிருக்கும் சிறு மணிகளான பீட்ஸைச் சாம்பிள் பஃபரில் கொதிக்க வைக்கும்போது ஐபிக்குப் போட்ட ஆன்டிபாடியும் உடைந்து ஜெல்லுக்கு வந்துவிடும். கனச்சங்கிலி 50 கிலோடால்டன் பக்கத்தில் ஓடும், லகுசங்கிலி 25 பக்கத்தில். பேண்டைக் காட்டும் உங்கள் செகண்டரி ஆன்டிபாடி முயல் ஐஜிஜி எதுவாக இருந்தாலும் பிடிக்கும். அதனால் 52-இல் உங்கள் புரதம் வந்திருந்தாலும் அந்தத் தடித்த பட்டைக்குள் மறைந்துதான் இருக்கும். வரவில்லை என்று சொல்லவும் முடியாது, வந்தது என்று சொல்லவும் முடியாது.

இதற்கு மலிவான வழி, பிளாட்டுக்கு (ஜெல்லில் ஓடிய புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் கட்டத்துக்கு) மட்டும் எலி ஆன்டிபாடிக்கு மாறுவது. செகண்டரியும் முயல் ஐஜிஜியைப் பிடிக்காததாக இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் லகுசங்கிலியை மட்டும் பிடிக்கும் செகண்டரி வாங்குங்கள், 50 பக்கம் சுத்தமாகிவிடும். இன்னும் நல்லது, முதல் புரதத்துக்கு ஃப்ளாக் டேக் என்ற சிறு அடையாள வால் வைத்து, ஃப்ளாக் பீட்ஸில் பிடித்து, கொதிக்க வைக்காமல் ஃப்ளாக் பெப்டைடால் கழற்றி எடுப்பது. ஆன்டிபாடி பெரும்பாலும் பீட்ஸிலேயே தங்கிவிடும். எதைச் செய்தாலும் இன்புட் லேனை (ஐபிக்கு முந்தைய லைசேட் ஓடும் வரிசை) விட்டுவிடாதீர்கள். இரண்டாவது புரதம் லைசேட்டில் இருக்கிறதா என்பதே தெரியாமல் ஐபி லேனைப் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் ரிப்பா. அதில் எஸ்டிஎஸ், டிஆக்ஸிகோலேட் என்ற டிடர்ஜென்ட்கள் இருக்கின்றன. செல்லை நன்றாக உடைக்கும், கூடவே பலவீனமான பிணைப்பையும் பிரித்துவிடும். 50 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.5, 150 மில்லிமோலார் உப்பு, 0.5 சதவீதம் என்பி-40 (மென்மையான டிடர்ஜென்ட்), புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர்: இதில் ஆரம்பியுங்கள். பின்னணி அதிகமாக இருந்தால் கழுவும் பஃபரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். சித்திரை, வைகாசியில் காரைக்குடி லேபில் 'ரூம் டெம்பரேச்சர்' என்று புரோட்டோகால் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். லைசிஸ் முதல் கடைசிக் கழுவல் வரை 4 டிகிரியில் இருக்கட்டும். சம்பை ஊற்றுத் தண்ணீர் ஊருக்கே பெருமைதான், ஆனால் பஃபருக்கு மில்லிக்யூ தண்ணீர் மட்டும்.

இதெல்லாம் சரியாகி பேண்ட் தெளிவாக வந்தாலும், அது என்ன சொல்கிறது? இரண்டு புரதங்களும் ஒரே கூட்டத்தில் இருக்கின்றன என்பதை மட்டும். ஒரே வளவில் பந்திக்கு உட்கார்ந்த இருவரும் நேரடி உறவாக இருக்க வேண்டும் என்பதில்லையே. நடுவில் மூன்றாவது ஆள் வழியாகவும் வந்திருக்கலாம். உங்கள் புரதங்கள் டிஎன்ஏவிலோ ஆர்என்ஏவிலோ ஒட்டுபவை என்றால், அந்த இழையே பாலமாகிவிடும். லைசேட்டில் டிஎன்ஏ, ஆர்என்ஏவை வெட்டும் பென்சோனேஸ் போட்டும் பேண்ட் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த என்சைமுக்கு மெக்னீசியம் வேண்டும், அதனால் பஃபரில் மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ கூடாது.

ஈஸ்ட் முடிவும் தனியாகப் போதாது. 1989-இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் வெளியிட்ட முறை அது. இரண்டு புரதங்களையும் ஈஸ்டின் நியூக்ளியஸுக்குள் அதிகமாகத் திணித்துப் பார்க்கிறோம். செல்லில் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத புரதங்கள்கூட அங்கே ஒட்டிவிடலாம். பெய்ட்டை (தூண்டிலாக வைத்த புரதம்) வெற்று பிரே வெக்டருடன் (இரைப் புரதம் இல்லாத வெறும் வெக்டர்) வைத்துப் பார்த்தீர்களா? அதிலும் காலனி வளர்ந்தால் பெய்ட் தானாகவே பாசிட்டிவ் காட்டும் ரிப்போர்ட்டர் ஜீனை இயக்குகிறது என்று அர்த்தம். கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடியுங்கள், ஒரு பிளேட் வேலைதான்.

நேரடித் தொடர்பைக் காட்ட என் தேர்வு ஜிஎஸ்டி புல்-டவுன் (ஜிஎஸ்டி என்பது குளூட்டாதயோனில் ஒட்டும் ஒரு டேக் புரதம்). ஒன்றை ஜிஎஸ்டியோடும் மற்றதை ஹிஸ் டேக்கோடும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, தனித்தனியாகச் சுத்தப்படுத்தி, குளூட்டாதயோன் பீட்ஸில் சேர்த்துப் பாருங்கள். புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியைக் குறைத்து 18 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்தால் புரதம் இன்க்ளூஷன் பாடி என்ற கரையாத கட்டியாகப் போவது பல சமயம் குறையும். வெறும் ஜிஎஸ்டி கண்ட்ரோல் அதே அளவில் இருப்பதை புரதத்துக்குச் சாயமேற்றும் கூமாசி ஜெல்லில் காட்டுங்கள். ஜிஎஸ்டி புரதம் ஐந்து மைக்ரோகிராம், வெறும் ஜிஎஸ்டி ஒரு மைக்ரோகிராம் என்று போட்டுவிட்டு "கண்ட்ரோலில் வரவில்லை" என்றால் தேர்வாளர் விடமாட்டார். இதிலும் ஒரு குறை உண்டு: பாஸ்பரிலேஷன் (பாஸ்பேட் சேர்ப்பு) இருந்தால்தான் ஒட்டும் புரதம் என்றால் ஈ.கோலை சரக்கு பொதுவாக உதவாது.

ஆனால் என்னைக் கேட்டால், புது கருவியைவிட ஒரு மியூட்டன்ட் (ஒரு அமினோ அமிலம் மாற்றிய புரதம்) அதிகம் பேசும். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு சர்வரில் இரண்டு வரிசையையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டும் சேரும் கணிப்பின் நம்பகத்தைக் காட்டும் ஐபிடிஎம் மதிப்பு 0.8-க்கு மேல் என்றால் கணிப்பை நம்பலாம், 0.6-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் கணிப்பு தவறியிருக்கும். இடைப்பட்டது சந்தேகக் கேஸ். அந்தப் படம் ஆதாரமாகாது, எங்கே கை வைப்பது என்று காட்டும், அவ்வளவுதான். சந்திக்கும் முகப்பில் ஒரு ஆர்ஜினினை குளூட்டமேட்டாக மாற்றுங்கள். மியூட்டன்ட் அதே அளவில் தயாராகி, கரைந்து நின்று, ஐபியிலும் புல்-டவுனிலும் மட்டும் பிணைப்பு போய்விட்டால் தீசிஸில் அந்த அத்தியாயம் உறுதியாக நிற்கும்.

எஸ்பிஆர் வேண்டியது, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, எவ்வளவு வேகமாகக் கழல்கிறது என்ற கேள்வி வரும்போதுதான். மைக்ரோமோலார் அளவில் பிடித்து உடனே கழலும் ஜோடி என்றால் ஐபியின் கழுவல்களில் போய்விடும். அப்போது எஸ்பிஆர் அருமையான கருவி. புல்-டவுனிலும் ஒன்றும் வராமல், ஈஸ்ட் மட்டும் பிடிவாதமாக பாசிட்டிவ் என்றால் கைடு சொல்வதைக் கேளுங்கள். அனுப்பும் முன் இரண்டு புரதங்களையும் அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஓட்டி, ஒற்றைச் சிகரமாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கட்டி தட்டிய புரதம் சிப்பில் எதையும் பிடிக்கும். இரண்டையும் ஒரே பஃபரில் டயாலிசிஸ் செய்யுங்கள். சென்னையில் செய்வதாக இருந்தால் கூரியரில் போடாமல், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, காலைப் பல்லவன் ரயிலில் கையோடு கொண்டு போவதே மேல்.