மெத்தையில் குழியா, கட்டிலில் தொய்வா?

கேள்வி: எனக்கு வயது 48. பெருந்துறைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய குயின் சைஸ் மரக்கட்டிலில், தேங்காய் நாரும் ஃபோமும் சேர்ந்த மெத்தையில் படுக்கிறோம். சில மாதங்களாகக் காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் நடமாடினால் விட்டுவிடுகிறது. மெத்தையின் நடுவில் குழி விழுந்து, இரவில் இருவரும் நடுப்பக்கம் சரிந்துவிடுகிறோம். காங்கேயத்தில் அம்மா வீட்டில் தரையில் ஜமக்காளம் விரித்துப் படுத்தால் வலி வருவதில்லை. சிலர் மெத்தைக்குக் கீழே பலகை போடச் சொல்கிறார்கள். சிலர் ஆர்த்தோ மெத்தை வாங்கச் சொல்கிறார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: எழுந்தவுடன் இருக்கும் வலி நடமாடத் தொடங்கியதும் விலகுவதும், வேறு இடத்தில் படுத்தால் வராமலே இருப்பதும் படுக்கையைச் சந்தேகிக்கப் போதுமான காரணங்கள். ஆனாலும் அம்மா வீட்டு அனுபவத்தை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரமாட்டேன். அங்கே நீங்கள் தறிக்கு முன் மணிக்கணக்கில் நிற்பதில்லை, பாவு நூல் தூக்குவதில்லை, சமையலறையிலும் பாதி வேலைதான். இடுப்புக்குக் கிடைத்த ஓய்வின் பங்கு எவ்வளவு, தரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உடலில் எடை மிகுந்த பகுதி இடுப்பு என்பதால், படுக்கையில் முதலில் தாழ்வதும் அந்த இடம்தான். மல்லாந்து படுத்தால் இடுப்பு குழிக்குள் இறங்கி முதுகின் இயல்பான வளைவு மாறுகிறது. ஒருக்களித்துப் படுத்தால் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைகிறது. நடுப்பக்கம் சரியாமல் இருக்க, உறக்கத்திலும் தசைகள் உடலைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பதால், விடியும்போது அவை இறுகிப் போயிருக்கின்றன.

குழி மெத்தையில் இருக்கிறதா, கட்டிலில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பலர் அதைப் பார்க்காமலேயே புது மெத்தை வாங்கி, அதே கட்டிலில் போட்டு, ஓரிரு ஆண்டுகளில் அதையும் குழியாக்கிவிடுகிறார்கள். விரிப்பை எடுத்துவிட்டு, இடுப்பு படும் இடத்தில் மெத்தையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு மெத்தையை இறக்கிவிட்டுப் பலகையின் மேலும் அதே போல நூல் பிடியுங்கள். ஆள் இல்லாதபோது சமமாகத் தெரியும் பலகை ஆள் ஏறியதும் வளையக்கூடும் என்பதால், மெத்தையைத் திரும்பப் போட்டு உங்கள் கணவரை நடுவில் படுக்கச் சொல்லி, தரையிலிருந்து நடுச் சட்டம் வரை உள்ள உயரத்தை அவர் படுப்பதற்கு முன்னும் படுத்த பின்னும் அளந்து பாருங்கள். உயரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் குற்றம் கட்டிலில் இருக்கிறது. பலகை அசையாமல் இருந்து, மெத்தையில் மட்டும் ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால், உள்ளே நார் முறிந்து ஃபோம் அமுங்கிப் போய்விட்டது என்று பொருள்.

குயின் சைஸ் கட்டில் 60 அங்குல அகலம் கொண்டது. இருவர் எடையைப் பக்கச் சட்டங்கள் மட்டும் தாங்காது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவே ஒரு சட்டமும், அதற்குத் தரையைத் தொடும் காலும் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பல கட்டில்களில் சட்டம் இருக்கும், கால் இருக்காது. இருந்தாலும் தரைக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும். உள்ளூர் ஆசாரி அரை நாளில் சரிசெய்துவிடக்கூடிய வேலை இது. குறுக்குப் பட்டிகளுக்கு இடையில் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். அல்லது அவற்றின் மேல் கனமான ப்ளைவுட் போட்டு, வியர்வை ஈரம் தங்காமலிருக்க ஆங்காங்கே துளையிடச் சொல்லுங்கள். பலகை போடச் சொன்னவர்களின் யோசனை கட்டில் தொய்ந்திருந்தால் மட்டுமே பயன்படும்; அமுங்கிப்போன மெத்தையை எந்தப் பலகையாலும் நிமிர்த்த முடியாது.

அளந்தும் தெளிவாகவில்லை என்றால், அதே மெத்தையைத் தரையில் போட்டு ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலேயே, வழக்கமான வேலைகளோடு செய்வதால் இந்தச் சோதனை அம்மா வீட்டு அனுபவத்தைவிட நம்பகமானது. வலி குறைந்தால் கட்டிலையும், குறையாவிட்டால் மெத்தையையும் அல்லது முதுகையும் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையே ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுக்கும்போது முழங்கால்களுக்குக் கீழும் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது அவற்றுக்கு அதிக அழுத்தம் தரும். விடிந்ததும் வாசல் கூட்டிக் குனிந்து கோலம் போடும் நம் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்வது எளிதல்ல. என்றாலும் சில வாரங்களுக்கு அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். உங்கள் கணவருக்கே பழக்கிவிடலாம்.

ஸ்கேன் இப்போது தேவையில்லை. 48 வயதில் படம் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஏதேனும் தேய்மானம் தெரியும். வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. படுக்கையைச் சரிசெய்து ஆறு வாரங்கள் ஆகியும் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கால் பலவீனமடைதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, லேசாக விழுந்த பின் தொடங்கிய வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் வீட்டில் 40 வயதுக்குட்பட்ட யாருக்காவது காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, பின்னிரவு வலியால் விழிப்பும் வருமானால், அது மூட்டுவாத வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அவரைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

மெத்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டால், ஆர்த்தோ என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்; அது கம்பெனிகள் வைத்த பெயரே தவிர, மருத்துவத் தரச் சான்று அல்ல. கல் போன்ற மெத்தைதான் இடுப்புக்கு நல்லது என்ற நம்பிக்கையும் சரியல்ல. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடத்தப்பட்டு, 2003இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், 90 நாள்களின் முடிவில், மிக உறுதியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களே நல்ல பலன் கண்டார்கள். கடையில் கையால் அழுத்திப் பார்த்து வாங்காமல், இருவரும் வழக்கமாக உறங்கும் நிலையில் பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். உங்கள் இருவரின் எடையும் மிகவும் வேறுபட்டால், 30 அங்குல அகலத்தில் இரண்டு மெத்தைகளை ஒரே கட்டிலில் பக்கம் பக்கமாகப் போடலாம்; அப்போது ஒருவர் பக்கம் அமுங்கினாலும் மற்றவர் சரியமாட்டார். ஆசாரி வந்து நடுச் சட்டத்துக்குக் கால் வைத்து முடித்த பிறகுதான் அவற்றைக் கட்டிலில் ஏற்ற வேண்டும்.