எரிந்து விழுவதும் பதற்றத்தின் அறிகுறியே

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 42 வயது. தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எனக்குப் பதற்ற நோய் இருப்பதாக மனநல மருத்துவர் கூறி ஓராண்டாகிறது. மாத்திரையால் படபடப்பு ஓரளவு தணிந்துவிட்டது. எரிச்சல் மட்டும் குறையவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள் “சார்ஜர் எங்கேம்மா?” என்று கேட்டால்கூட எரிந்து விழுகிறேன். பிறகு குற்ற உணர்வு தாங்காமல், “அம்மா மேல கோபமா?” என்று அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். “நீ முன்பு இப்படி இல்லையே” என்கிறார் கணவர். என் சுபாவமே மாறிவிட்டதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் சுபாவம் மாறிவிடவில்லை. ஆறு மாதங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில், கட்டுப்படுத்த இயலாத கவலை ஒருவருக்கு இருந்தால், அத்துடன் நிலைகொள்ளாமை, விரைவில் களைப்படைதல், கவனம் குவியாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் குறைவு ஆகிய ஆறில் மூன்றேனும் உள்ளனவா என்று பார்த்துத்தான் பொதுவான பதற்ற நோயை மருத்துவர்கள் உறுதிசெய்கிறார்கள். அந்த ஆறில் எரிச்சலும் ஒன்று. ஆனாலும், கை நடுங்கினால் நோய் என்று பரிவு காட்டுகிற குடும்பம், குரல் உயர்ந்தால் அதைக் குணக்கேடாகவே எடுத்துக்கொள்கிறது. நோயாளியும் அப்படியே நம்பிவிடுகிறார். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

பதற்றம் இருக்கும்போது, வரப்போகும் ஆபத்தை எதிர்கொள்ள உடல் இடைவிடாமல் ஆயத்த நிலையில் இருக்கிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மனம் ஒரு கவலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியபடி இருக்கிறது. அந்த நேரத்தில் வரும் சிறு கேள்வியும், இரு கைகளிலும் நிறைகுடம் ஏந்தி நடப்பவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுவது போன்றதே. ஆகவே, எந்தச் சொல்லுக்குக் கோபம் வந்தது என்று ஆராய்வதைவிட, அச்சொல் காதில் விழுவதற்கு முன் எதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தீர்கள், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினீர்கள், மதியம் சரியாகச் சாப்பிட்டீர்களா என்று சில நாட்கள் குறித்து வாருங்கள். அலுவலகத்திலிருந்து திரும்பியதும் நேராக அடுப்படிக்குள் நுழையும் பெண்களுக்கு, அந்த மாலை நேரமே பெரும்பாலும் சிக்கலானதாக இருக்கிறது. வீடு வந்ததும் கால் மணி நேரம் யாரும் உங்களை எதுவும் கேட்காத ஓர் ஏற்பாட்டை, அமைதியாக இருக்கும் ஒரு விடுமுறை நாளில் கணவரிடமும் மகளிடமும் பேசி முடிவுசெய்யுங்கள்.

கோபம் வெடிப்பதற்குச் சற்று முன்பே தாடையும் தோளும் இறுகத் தொடங்கிவிடும். அதை உணர்ந்ததும் தோளைத் தளர்த்தி, மூச்சை உள்ளிழுத்ததைவிட மெதுவாக, நீளமாக வெளிவிடுங்கள். தினமும் அமைதியான வேளையில் சில நிமிடங்கள் பழகி வந்தால்தான் இது அவசரத்துக்குக் கைகொடுக்கும். காபியையும் கவனிக்க வேண்டும். உடலிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே பலருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் எரிச்சலைக் கூட்டக்கூடும்.

மன்னிப்பைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். நோயின் காரணமாகக் கோபம் வந்தாலும், சுடுசொல் பட்ட மகளுக்கு வலி வலிதான். ஆகையால் மன்னிப்புக் கேட்பது முறையே. ஆனால், “நான் கத்தியது தவறு, உன் மேல் தப்பில்லை” என்று ஒரே முறை சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு “கோபமா, கோபமா” என்று கேட்பது, “கோபமில்லை” என்ற உறுதியைத் தேடி அலையும் பதற்றத்தின் வேலை. அவள் “இல்லை” என்றதும் கிடைக்கும் ஆறுதல் சில நிமிடங்களே நீடிக்கும். மனம் மறுபடியும் கேட்கச் சொல்லும். தாயைத் தேற்றும் சுமையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறும்.

எரிச்சல் குறையவில்லை என்பதை உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தைராய்டு மிகுதியாகச் சுரப்பதாலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளின் ஹார்மோன் மாற்றங்களாலும் இதே தொல்லை வரலாம் என்பதால், உங்கள் வயதில் இரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்பது நல்லது. மாத்திரையுடன், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் சேரும்போது பலருக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது. இடையில் யாரிடமாவது பேசத் தோன்றினால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பதற்றத்துக்காக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை சாப்பிடத் தொடங்கி எட்டு நாட்களாகின்றன. எரிச்சல் முன்பைவிட அதிகமாகியிருக்கிறது. நிறுத்திவிடலாமா?
— வாசகர், 29 வயது, சேலம்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். இவ்வகை மாத்திரைகள் முதல் ஓரிரு வாரங்களில் சிலருக்குப் படபடப்பையும் எரிச்சலையும் கூட்டுவதுண்டு. பலன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தேவையெனில் அளவை மருத்துவர் மாற்றித் தருவார். ஆனால், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, தூக்கமே இல்லாமல் மிதமிஞ்சிய உற்சாகம், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அடுத்த சந்திப்புவரை காத்திராமல், வீட்டில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.