கேளுங்க சார்: சீட் மாட்ட ஓர் ஊர், கழற்ற ஓர் ஊர்

கேள்வி: வெளிநாட்டு வண்டிக்கு வரியை ஏற்றினால் உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை கூடும் என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். நிஜமா சார்?
(வாசகர், ஓசூர்)

பதில்: கூடும். என்ன வேலை என்று அவரையே கேளுங்கள். 2009இலிருந்து சில வருஷம் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் ஒரு கூத்து நடந்தது. ஃபோர்டு துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்கள் பின்சீட், சீட் பெல்ட், பின்ஜன்னல் கண்ணாடி சகிதம் வந்து இறங்கும். கஸ்டம்ஸ் தாண்டியதும் சீட்டைக் கழற்றி அரவைக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடி இருந்த இடத்தில் தகட்டை அடைப்பார்கள். சரக்கு வேன் தயார்! அப்போது அங்கே ஆள் ஏற்றும் வண்டிக்கு இறக்குமதி வரி 2.5 சதவீதம், சரக்கு வண்டிக்கு 25. அங்கே ஒருத்தர் போல்ட்டை முடுக்க, இங்கே ஒருத்தர் அதையே கழற்ற, இரண்டு பேருக்கும் சம்பளம். கஸ்டம்ஸ் விடவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2024இல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது ஃபோர்டு.

இந்த 25 சதவீதத்துக்கு மூலம் கோழி. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பியர்கள் வரியை ஏற்றினார்கள் என்று 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் பிராந்திக்கும் சிறு டிரக்குக்கும் பதிலுக்கு ஏற்றினார். கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. டிரக் வரி அசையவில்லை.

சரி, அந்த வரிச் சுவருக்குள் இருந்த டெட்ராய்ட் (அமெரிக்காவின் கார் நகரம்) தொழிலாளி சுகப்பட்டாரா? பல வருஷம் பட்டார், மறுக்கவில்லை. ஆனால் கார் கம்பெனிகளும் தொழிற்சங்கமும் போட்ட 2007 கூலி ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழையவர்கள் வாங்கியதில் ஏறக்குறைய பாதிக் கூலிதான். அடுத்து பெட்ரோல் விலை எகிறியது, வங்கிக் கடன் வறண்டது, ஷோரூமுக்கு ஆள் வரவில்லை. 2009இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு போட்டன. வரி அப்போதும் அதே 25தான். வாங்க ஆள் இல்லாத வண்டியை எந்த வரி காப்பாற்றும்?

கேள்வி: நம் நாட்டில் இப்படி வேடிக்கை உண்டா?
(வாசகி, திருவண்ணாமலை)

பதில்: உங்கள் தெருவிலேயே நிற்கும், பாருங்கள். 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் காருக்குக் கலால் வரியை 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். 2008இல் வந்த மாருதி டிசையர் காரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் வந்த அடுத்த டிசையர் 3,995. வெட்டுப்பட்டது டிக்கி. அம்பத்தூரில் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவன் நான். டிராயிங் ஏன் மாறியது என்று தெரிய பட்ஜெட் செய்தியைப் புரட்டுவோம்!

2025 செப்டம்பர் 22 முதல் அந்த நாலு மீட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜிஎஸ்டி 18, அந்தப் பக்கம் 40. டிக்கியில் பெட்டி கொள்ளவில்லை என்று டீலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பாவம்.