ஸ்பா, பவுலிங், மதிய சாப்பாடு: பில் ஏன் எகிறுகிறது?

கேள்வி: சென்னையில் வேலை. கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. விடுதி, வீட்டுக்கு அனுப்புவது, 5,000 ரூபாய் ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) எல்லாம் போக மாதம் 6,000 மிஞ்சும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தோழிகள் நால்வர் ஒரு சனிக்கிழமை முழுக்க ஸ்பா, சாப்பாடு, பவுலிங் என்று சுற்றுவோம். தலைக்கு 3,500 என்று கிளம்பினால் 5,900-இல் முடிகிறது. போன முறை மொத்தத்தையும் என் கிரெடிட் கார்டில் தேய்த்தேன். இருவர் இன்னும் தரவில்லை. மினிமம் டியூ (கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டியதில் 20,000 பாக்கி நிற்கிறது. ஸ்பாவில் 10 மசாஜ் 20,000 ரூபாய், ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். தனியாக எடுத்தால் ஒன்று 2,400. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் கார்டைப் பாருங்கள்.

மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் 20,000-க்கு 700 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 126. மாதம் 826 ரூபாய் சும்மா போகிறது. பாக்கி முழுதாகத் தீரும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. பால் வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி. இந்த மாதம் ஆர்டி தவணையை மட்டும் விட்டுவிடுங்கள். அபராதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் 75 ரூபாய்தான். அந்த 5,000, மிஞ்சும் 6,000, தோழிகள் தர வேண்டிய 11,800 சேர்ந்தால் வட்டியோடு கணக்கு முடிந்துவிடும். கேட்கக் கூச்சமாக இருந்தால் பில்லின் படத்தை குரூப்பில் போட்டு, யார் பங்கு எவ்வளவு என்று எழுதிவிடுங்கள்.

பேக்கேஜ் கணக்கு இது. பத்தும் பயன்பட்டால் 4,000 ரூபாய் லாபம். நால்வரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனால் 4, 4, 2 என்று மூன்றாவது சுற்றில்தான் தீரும். ஒரே ஒரு சுற்று தவறினால் எட்டோடு நிற்கும். எட்டின் விலை 19,200. அதாவது 800 நஷ்டம். வார இறுதியில் செல்லாது, பிறருக்கு மாற்ற முடியாது என்ற விதிகள் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கலாம். கடை மூடினால் முன்பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

பட்ஜெட் எகிறக் காரணம், நீங்கள் விலைப்பட்டியலைக் கூட்டுகிறீர்கள், பில்லைக் கூட்டுவதில்லை. ஸ்பாவுக்கு 22.9.2025 முதல் ஜிஎஸ்டி 5%; 18% போட்டிருந்தால் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை வரியே வசூலிக்கக் கூடாது. சாதாரண உணவகத்தில் 5%, அறை வாடகை 7,500-ஐத் தாண்டும் ஓட்டல்களில் 18%. 'சர்வீஸ் சார்ஜ்' கட்டாயமில்லை, நீக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை, மசாஜ் மேசையில் படுத்தபின் வரும் 'கூடவே ஃபுட் ஸ்க்ரப் (பாதம் தேய்த்துவிடுவது) பண்ணிடலாமா மேடம்?' அந்த நிலையில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எந்த மசாஜ், எத்தனை நிமிடம், வரியோடு எவ்வளவு என்பதை முன்பதிவிலேயே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்த முறைக்கு: மசாஜ் வரியோடு 2,520, சாப்பாடு 900, பவுலிங் இரண்டு ஆட்டம் 600, கேப் பங்கு 350. மொத்தம் 4,370. ஆளுக்கு மாதம் 2,200, ஐந்தாம் தேதிக்குள் ஒருவர் வேறு செலவுக்குப் பயன்படுத்தாத சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். அந்த ஒருவர் நீங்களாக வேண்டாம். அன்று அந்தக் கணக்கின் டெபிட் கார்டு மட்டும் கையில் இருக்கட்டும். ஸ்பாவுக்கு வராதவரிடம் சாப்பாடு, கேப், ஆட்டத்துக்கு மட்டும் வாங்குங்கள்; சரிசமப் பங்கு என்ற பேச்சில்தான் மனக்கசப்பு வரும்.

காலையில் பவுலிங், பிறகு அளவான சாப்பாடு, இரண்டு மணி நேரம் கழித்து ஸ்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையில் பந்து வழுக்கும், வயிறு நிறையச் சாப்பிட்டுக் குப்புறப் படுக்கவும் முடியாது. ஆளுக்கு ஓர் ஆட்டம் பத்து நிமிடம் பிடிக்கும், நால்வர் இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பணம் நிரப்பி ஆடும் கேம் சென்டர் கார்டை நால்வருக்கும் சேர்த்து ஒன்றாகவே வாங்குங்கள். நாலு கார்டில் நாற்பது, ஐம்பது என்று தங்கும் மிச்சம் பெரும்பாலும் திரும்பாது. பவுலிங் ஷூவுக்கு சாக்ஸ் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.