மார்கழிக் குளிரில் முட்டை குறைந்தால்…

கேள்வி: ஊட்டியில் கொல்லையில் எட்டு முட்டைக்கோழிகள் வளர்க்கிறோம். மார்கழி பிறந்ததும் முட்டை பாதியாகிவிட்டது. உடம்புச் சூட்டுக்காக மக்காச்சோளத்தை அதிகம் போடுகிறோம். சரிதானா?

பதில்: அங்கேதான் தவறு. மக்காச்சோளத்தில் புரதம் 8–9 சதவீதம்தான். முட்டையிட 16–18 வேண்டும். சோளத்தால் வயிறு நிறைந்த கோழி தீவனத்தைத் தொடாது, கொழுப்புதான் சேரும். முட்டைக்கோழித் தீவனம் ஒரு நாளைக்குக் கோழிக்கு 110–120 கிராம், எட்டுக்கும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வையுங்கள். சோளம் கோழிக்கு 15 கிராம் போதும். அதையும் அடையும் நேரத்தில் உடைத்துப் போடுங்கள். இரவில் மெல்லச் செரித்துச் சூடு தரும். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

தீவனம் மட்டும் காரணமல்ல. இப்போது பகல் பதினொன்றரை மணி நேரந்தான். முட்டைக்கு 14 மணி வெளிச்சம் தேவை. அதிகாலை 4 மணிக்குச் சிறு பல்பு போடுங்கள். மாலையில் போட்டுச் சட்டென்று அணைத்தால் கோழி இருட்டில் தடுமாறும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் எடுக்காது.

பனியில் நனைந்து கட்டிதட்டிய தீவனத்தைக் கொட்டிவிடுங்கள், பூஞ்சை நச்சு ஈரலைக் கெடுக்கும். இறகு உதிர்க்கும் கோழி என்றால், எதைப் போட்டாலும் சில வாரம் முட்டை வராது.