பூட்டிய வீடும் டெங்கு கணிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் டெங்கு பரவலை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்கிறார்களே! வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊருக்கு அது சரிப்படுமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: சரிப்படும், பூட்டிய வீட்டை ஒழுங்காகப் பதிந்தால். மழை, வெப்பநிலை, வாராந்தரக் காய்ச்சல் கணக்கு, வீடு வீடாகப் பார்க்கும் கொசுப்புழு ஆய்வு ஆகியவற்றை வைத்துத்தான் கணினி கணிக்கிறது. செட்டிநாட்டில் உதைப்பது கடைசிக் கணக்கு. ஒரு வார்டில் 100 வீடு, அதில் 30 பூட்டு என்று வையுங்கள். பார்த்த 70 வீட்டில் 7 பாத்திரங்களில் புழு இருந்தால் ப்ரெட்டோ குறியீடு (பார்த்த 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு என்ற கணக்கு) 10. பூட்டிய வீடுகளையும் ‘புழு இல்லை’ என்று சேர்த்தெழுதினால் அதுவே 7 ஆகிவிடும். பூட்டு அதிகமான தெருதான் பத்திரமான தெரு என்று கணினி கற்றுக்கொள்ளும்! ‘பூட்டு’ என்று தனிக் கட்டம் வேண்டும்.

காய்ச்சல் கணக்கில் பரிசோதனைத் தேதியைவிடக் காய்ச்சல் தொடங்கிய தேதியே முக்கியம். மதுரையில் போய்ப் படுத்தவரையும் சொந்த வார்டில்தான் சேர்க்க வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள், நோயாளியைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருக 8 முதல் 12 நாள், மனிதருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஆகவே இந்த வார மழையை இந்த வாரக் காய்ச்சலோடு ஜோடி சேர்ப்பது வீண். குறைந்தது மூன்று வாரம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பழைய ஆண்டுகளின் கணக்கைக் கணினிக்குக் கற்பித்து, கடைசி ஆண்டைச் சொல்லச் சொல்லிச் சோதியுங்கள். வாரங்களைக் கலைத்துப் போட்டுச் சோதித்தால், பக்கத்து வாரங்களை முன்பே பார்த்துவிட்ட எந்த மென்பொருளும் கெட்டிக்காரனாகத் தெரியும். இணையத் தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க 2008இல் வந்த கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ், 2012-13 பருவத்தில் அதை மிகையாகக் கணித்து, 2015இல் நின்றது. தேடுகிறவர்கள் எல்லாம் நோயாளிகளா என்ன?

கேள்வி: எச்சரிக்கை வந்துவிட்டது. அப்புறம்?
– தேவகோட்டை வாசகர்

பதில்: முதலில் சாவி. வாட்ச்மேன் அல்லது உள்ளூர்ப் பங்காளி எண்ணை ஆய்வுப் பட்டியலிலேயே எழுதி வையுங்கள். முற்றத்து அண்டா, கிடாரங்களில் தேங்கியதைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் தாங்கும். நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கொட்ட முடியாத தொட்டிக்கு 1 சதவீத டெமிஃபாஸ் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) குருணை, 100 லிட்டருக்கு 10 கிராம். புகை அடிப்பது பறக்கும் கொசுவுக்கு மட்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் உள்ள புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.