மனந்திரும்பாததால்தான் நிலநடுக்கம் வந்ததா?

2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் மாண்டலே, சகாயிங் பக்கம் இறந்தவர்கள் மனந்திரும்பாததால் தண்டிக்கப்பட்டார்கள் என்று ரங்கூன் தமிழ்ச் சபையில் சிலர் பேசுகிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. பைபிளில் லூக்கா 13-ஐ எடுத்துப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். மற்ற எருசலேம்காரர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். அதோடு விட்டிருந்தால் நமக்கும் நிம்மதி. விடவில்லை, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறார். (துக்க வீட்டில் போய் இந்த வசனத்தைத் தூக்கிக் காட்டாதீர்கள்.)

கையோடு இயேசு ஒரு அத்திமரக் கதை சொல்கிறார். மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை, வெட்டிப்போடு என்கிறார் சொந்தக்காரர். இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று கெஞ்சுகிறார் தோட்டக்காரர். தவணை உண்டு, ஆனால் அதற்கு ஒரு முடிவும் உண்டு.

மனந்திரும்ப மறுப்பவர்கள் பெரும்பாலும் 'மாட்டேன்' என்று சொல்வதில்லை, 'அப்புறம் பார்க்கலாம்' என்பார்கள். அப்போஸ்தலர் 24-இல் காவலில் இருந்த பவுல் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசியதும் ஆளுநர் பேலிக்ஸ் பயந்துபோனான். சமயம் வரும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். அப்புறமும் அடிக்கடி கூப்பிட்டான்தான், பணம் கிடைக்குமா என்று. பயம் மறுபடி வந்ததாக எழுதியில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பதவி மாறியபோது பவுலைக் காவலிலேயே விட்டுப் போனான்.